ஒட்டாத மடல்

இரட்டையர் ஆட்டத்தில் வலைக்கு அருகே நிற்பவர் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது. குன்சான் நகரில் பள்ளிக்கூடத்து விளையாட்டரங்கு ஒன்றில் விடியற்காலைதோறும் கூடும் இறகுப்பந்துக் கழகத்தில், மட்டை பிடிக்கக் கற்றுத்தருவதற்கு முன்பே புதியவர்களுக்கு இதைத்தான் கற்றுத்தருவார்கள். பான் மிரானுக்கும் அப்படித்தான் கற்றுத்தந்தார்கள். பல ஆண்டுகள் அவள் அதைத் தவறாமல் கடைப்பிடித்தும் வந்தாள். மே மாதத்துக் காலை ஒன்றில் மட்டும் திரும்பினாள். எதிரணி உயரத் தூக்கிய பந்து தன் கூட்டாளியின் கைக்கு எட்டுமா என்று ஒரு கணம் ஐயம் வந்தது, அவ்வளவுதான். அது எட்டியது. கூட்டாளி ஓங்கி அடித்த அடி வலையைத் தாண்டாமல் அவளுடைய வலக்கண்ணில் வந்து விழுந்தது.

அடித்தவன் தோ கியோங்தே. கழகத்தில் முதல் தரத்து ஆட்டக்காரன். அந்தப் பகுதியின் ஒரே கண் மருத்துவனும் அவன்தான்.

வலைக்கு மறுபக்கம் நின்றிருந்த மா ஜோங்பில் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து பார்த்தார். மீன்சந்தைக்குப் பக்கத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் அவர்தான் கழகத்தின் தலைவர். எந்த விபத்தையும் கேலியால் மூடிவிடலாம் என்று நம்புகிறவர்.

"கண்ணுல அடிபட்டா டாக்டரைத் தேடி ஓடுவாங்க. நம்ம மிரானுக்கு மட்டும் டாக்டரே தேடி வந்து அடிச்சிட்டுப் போறாரு. குடுத்து வச்ச மகராசி!"

"தலைவரே, கொஞ்சம் வாயை மூடுங்க," என்றான் கியோங்தே. அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா, கையை எடுங்க. தேய்க்காதீங்க. தேய்க்காதீங்கன்னு சொல்றேன்ல?"

"தேய்க்கலப்பா. தண்ணி கொட்டுது, தொடைக்கிறேன். விளையாட்டை நிறுத்தாதீங்க, புள்ளி என்ன ஆச்சு?"

புள்ளியை யாரும் சொல்லவில்லை. கழகத்துப் பனியனோடும் வியர்வையோடும் கியோங்தே அவளைத் தன் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, ஊழியர்கள் வருவதற்கு முன்பே கதவைத் திறந்து, விளக்குக் கருவியின் முன்னால் உட்காரவைத்தான். மோவாயைத் தாங்கியில் வைத்து நெற்றியைப் பட்டையில் சாய்த்ததும் கேட்டான்.

"இதுக்கு முன்னாடி கண்ணுல ஆபரேஷன் ஏதாவது பண்ணிருக்கீங்களா அக்கா?"

"கண்ணுலயா? ஒண்ணும் இல்லையே."

அவள் பொய் சொல்லவில்லை. அவளுடைய வாழ்க்கையில் ஆபரேஷன் என்று சொல்லத்தக்கவை இரண்டே. ஒன்று குடல்வாலுக்கு, மற்றொன்று மகளைப் பெற்றெடுக்க. இரண்டு முறையும் வெளியே வீட்டார் அழுதபடி காத்திருந்தார்கள். இளவயதில் சியோலில் அடுக்குமாடி அங்காடி ஒன்றில் முகப்பூச்சு விற்றுக்கொண்டிருந்தபோது, ஒரு குளிர்காலத்தில், அந்தத் தளத்துப் பெண்கள் எல்லாரும் கூட்டுச்சலுகை கிடைக்கிறதென்று சேர்ந்து போய் மூக்குக் கண்ணாடியை ஒழித்துவிட்டு வந்தார்கள். அப்போது வெளியே காத்திருந்தவர்கள் காரமான அரிசிப் பணியாரம் தின்றுகொண்டு, அடுத்தது யார் என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளில் அவள் திரும்பவும் கடையில் நின்று உதட்டுச்சாயம் விற்றாள். அதை ஆபரேஷன் என்று அந்தத் தளத்தில் ஒருத்திகூட எண்ணியதில்லை. காது குத்திக்கொள்வதற்கும் அதற்கும் இடையில் எங்கோ அது கிடந்தது.

கியோங்தே நெடுநேரம் பார்த்தான். கருவிழியின் மேல்தோலில் கீறல் இருந்தது, அதைக் கண்டான். கீறலுக்கு அப்பால், ஓரத்தில், மெல்லிய வளைகோடு ஒன்றும் இருந்திருக்க வேண்டும். வேறொருவன் அடித்துக் கொண்டுவந்த கண்ணாக இருந்திருந்தால் அதையும் கண்டிருப்பான். சிறு காயமாக இருக்க வேண்டும் என்று மனம் முழுவதும் வேண்டிக்கொண்டு பார்க்கிறவனுக்குச் சிறு காயமே தென்படுகிறது. பாதுகாப்புக்காக ஒரு மென்வில்லையைக் கண்ணில் பொருத்தி, சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தான். கொடுக்கும்போது புட்டியின் மூடி அவன் கையிலிருந்து இருமுறை நழுவியது.

"இப்ப பலகையைப் பாருங்க. தெரியுதா அக்கா?"

பலகையில் இருந்த எண்கள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், தண்ணீரில் கரைந்தது போன்ற இன்னோர் எண் நின்றது. மிரான் எண்களை விட்டுவிட்டு அந்தக் கையைப் பார்த்தாள்.

"நல்லா தெரியுது தம்பி."

பொய் என்று சொல்வதானால் இதுதான். அதைச் சொல்லும்போது அவளுக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை, மரியாதையாகத்தான் தோன்றியது. அடித்தவன் தானே மருந்து போடும்போது மங்கலாக இருக்கிறது என்பது, நீ என்னைக் குருடாக்கிவிட்டாய் என்று முகத்தில் அறைவதற்குச் சமம். அப்படிப் பேசுகிறவர்கள் அந்தக் கழகத்தில் நீடிப்பதில்லை.

மிரான் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ரயில் நிலையத்திலிருந்து துறைமுகம் வரைக்குமான தடம், இடையில் இரண்டு பள்ளிகள், ஒரு முதியோர் நிலையம். பெரிய வண்டி உரிமத்துக்கு ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகப் பலகையின் ஐந்தாம் வரியைப் படித்தாக வேண்டும். இடக்கண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வலக்கண்ணுக்காக அது சாட்சி சொல்ல முடியாது. அவளுடைய உரிமத்தை அவ்வாண்டின் இறுதியில் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கணவன் பிரிந்துபோய், மகள் வேறு ஊரில் படித்துக்கொண்டிருக்க, வீட்டில் எரியும் அடுப்பும் விளக்கும் அந்தப் பேருந்தால்தான் எரிந்தன.

கியோங்தே நாள்தோறும் தொலைபேசியில் விசாரித்தான். பேருந்துப் பணிமனையின் வாசலில் அவளுடைய பெயரெழுதிய சத்துப்பானப் பெட்டிகள் வந்து சேர்ந்தன. மற்ற ஓட்டுநர்கள் குடித்துத் தீர்த்தார்கள்.

"இன்னிக்கு எப்படி அக்கா இருக்கு?"

"நேத்தைக்கு இன்னிக்கு தேவலை."

"உறுத்துதா?"

"அட, மறந்தே போச்சுப்பா. நீ நோயாளிங்களைப் பாரு."

கீறல் ஆறியது, வில்லையை எடுத்துவிட்டான், உறுத்தலும் நின்றது. மங்கல் மட்டும் நிற்கவில்லை. தெருவிளக்குகளுக்கு வால் முளைத்தது. கடலோரச் சேற்றுவெளியில் மாலை வெயில் படும்போது வலப்பக்கம் முழுவதும் பால் ஊற்றினாற்போல் ஆனது. ஜூலை மாதத்து மழையில் ஒருநாள், முதியோர் நிலைய நிறுத்தத்தில் கை நீட்டிய கிழவர் ஒருவரை, பேருந்து அவரை எட்டிய பிறகுதான் கண்டாள். மிதித்த மிதியில் உள்ளே நின்றிருந்த பெண்ணின் பையிலிருந்து வெங்காயம் உருண்டோடியது.

"என்னம்மா, கண்ணை வீட்டுல கழட்டி வச்சிட்டு வந்தியா?" என்று கேட்டபடி கிழவர் ஏறினார். அவருக்குக் கோபம்கூட இல்லை. பயண அட்டையைக் கருவியில் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அடுத்த சிவப்பு விளக்கில் மிரான் இடக்கண்ணைக் கையால் பொத்திப் பார்த்தாள். விளக்கு சிவப்பு என்பது தெரிந்தது. அது ஒன்றா இரண்டா என்பது தெரியவில்லை.

மறுநாள் விடுப்பெடுத்தாள். கியோங்தேவிடம் போகவில்லை, அவனிடம் போனால் என்ன சொல்லிப் போவது? ஜோஞ்சுவில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு, அவனுக்குத் தெரியாமல் போனாள்.

அங்கே கருவிழிப் பிரிவில் இருந்தவர் ஹாம் ஜோங்யோன் என்ற பேராசிரியை. நரைத்த முடியை மறைக்க முயலாதவர், வீண் வார்த்தை பேசாதவர். கருவிக்குள் குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்தார்.

"லேசர் பண்ணி எத்தனை வருஷம் ஆச்சு?"

"எந்த லேசர் மேடம்?"

"கண்ணாடி போடாம இருக்க பண்ணுவாங்களே."

"ஓ, அதுவா! அது சின்ன வயசுல. ஒரு இருபது வருஷம் இருக்கும். அதுக்கும் இதுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?"

ஹாம் திரையில் அவளுடைய கருவிழியைப் பெரிதாக்கிக் காட்டினார். கசங்கிய துணிபோல் சுருக்கங்கள் ஓடின. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, தேங்கிய நீரில் பாசி படர்வதைப்போல், வெண்ணிறத் தீவு ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது.

"கருவிழிமேல ஒரு மெல்லிசான மடலை அறுத்துத் திறப்பாங்க. அடியில லேசர் அடிச்சிட்டு திரும்ப மூடிடுவாங்க. தையல் கிடையாது. அந்த மடல் ஓரத்துலதான் கொஞ்சம் ஒட்டும், நடுவுல சும்மா உக்காந்திருக்கும். அடி பட்டு உங்களுக்கு அது நகர்ந்திருக்கு. நகர்ந்த சந்துல மேல்தோல் செல்லு உள்ள பூந்து வளருது."

"இருபது வருஷமாவா ஒட்டாம இருக்கு?"

"ஆயுசுக்கும் முழுசா ஒட்டாது."

"என் புருஷன் அஞ்சு வருஷம்கூட ஒட்டல மேடம். இது பரவால்ல," என்றாள் மிரான். ஹாம் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற செவிலி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"முதல்ல யாரு பாத்தாங்க?"

"எங்க ஊர்ல ஒரு டாக்டர்."

"லேசர் பண்ணினதை அவர்கிட்ட சொன்னீங்களா?"

"ஆபரேஷன் பண்ணிருக்கீங்களான்னு கேட்டாரு. இல்லைன்னேன்."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. பல்லு புடுங்கினதைக்கூட சொல்றாங்க, இதைச் சொல்ல மாட்டேங்கறாங்க." ஹாம் கையுறையைக் கழற்றினார். "சரி. அப்புறமாவது மங்கலா இருக்குன்னு சொன்னீங்களா? அடிபட்ட அன்னிக்கே தெரிஞ்சிருந்தா மடலை அன்னிக்கே நேரா எடுத்து வச்சிருக்கலாம். அது சின்ன வேலை."

மிரான் திரையில் இருந்த வெண்தீவைப் பார்த்தாள்.

"எப்படி மேடம் சொல்றது? அவருதான் அடிச்சாரு."

"டாக்டரா? உங்களை அடிச்சாரா?"

"ஐயோ, பந்தால! நானும் அவரும் ஒரே பக்கம் ஆடினோம்."

ஹாம் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னார்: மடலைத் திரும்பத் தூக்க வேண்டும். அடியிலும் மேலிலும் வளர்ந்திருப்பதைச் சுரண்டி எடுக்க வேண்டும். சுருக்கத்தை நீவி, இம்முறை சுற்றிலும் தையல் போட வேண்டும். செல்கள் மறுபடி வளராது என்று சொல்வதற்கில்லை. வளராவிட்டாலும் கருவிழி பழைய உருவத்துக்குத் திரும்பும் என்றும் சொல்வதற்கில்லை.

"பஸ் ஓட்ட முடியுமா?"

"அதை இப்ப என்கிட்ட கேக்காதீங்க. தையல் பிரிச்ச பிறகு உங்க கண்ணைக் கேளுங்க."

சிகிச்சையின்போது அவள் விழித்தே இருந்தாள். இமைகளைக் கம்பியால் விரித்து வைத்திருந்ததால் வேறு வழியும் இல்லை. வலி இல்லை, மேலே வெள்ளை ஒளி மட்டும் நின்றது. மடலைத் தூக்கிய கணத்தில் அந்த ஒளி உடைந்து கலங்கி, உருவம் என்பதே இல்லாத ஒன்றாகிவிட்டது. பிறகு சுரண்டும் ஓசை. ஓசை உண்மையில் கேட்டதா, கேட்டதாக அவள் எண்ணிக்கொண்டாளா என்பது தெரியாது. சனவரிக் காலைகளில் பணிமனையில் முன்கண்ணாடியில் உறைந்திருக்கும் பனியைத் தகட்டால் வழித்தெடுப்பது அவளுடைய வேலை. ஒரே இடத்தில் அழுத்தாமல், பொறுமையாக, ஓரம்வரை போக வேண்டும். ஹாமும் அப்படித்தான் போனார். பிறகு நீர் ஊற்றினார். மிதந்து வந்த மடலை ஈரத் தூரிகையால் மீண்டும் மீண்டும் தடவினார். தையலுக்கான இழை, ஒளியின் குறுக்கே மயிர்போல் வந்துவந்து போயிற்று.

"மேடம், முடிஞ்சுதா?"

"பேசாதீங்க. பேசினா தலை அசையுது."

பேசாமல் கிடந்தாள். அவளுக்கு அது வழக்கமில்லாத வேலை.

செய்தியைக் கியோங்தேவிடம் கொண்டுபோனவர் மா ஜோங்பில். மீன்சந்தையில் கண்கவசத்தோடு நின்ற மிரானைப் பார்த்தவர், வாங்கிய மீனை அங்கேயே மறந்துவிட்டு அவனிடம் ஓடியிருக்கிறார். அன்று மாலையே கியோங்தே அவளுடைய வீட்டு வாசலில் நின்றான். கையில் சிப்பிக் கஞ்சி, கடையில் கட்டிக்கொடுத்தபடியே சூடாக.

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"எதுக்கு சொல்லணும்? நீயே நொந்து போயிருந்த."

"நான் நொந்தா நோவறேன்! ரெண்டு மாசம். தினமும் போன் பண்ணி கேட்டேன். தினமும் தேவலை, தேவலைன்னு சொன்னீங்களே! நான் என்ன, துக்கம் விசாரிக்கவா கேட்டேன்? டாக்டரா கேட்டேன்க்கா."

"டாக்டரா கேட்டவரு ஏன்ப்பா டாக்டரா பாக்கல?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கூர்மையானது என்று மிரானுக்குப் புரிந்தது. அவன் கஞ்சியைப் பிடித்தபடியே நின்றான். அந்த இடத்தில் இருவரும் சற்று நேரம் பேசாமல் இருந்திருந்தால் ஏதேனும் நடந்திருக்கலாம். ஆனால் அவள், "சே, நான்தான் லேசரைச் சொல்லாம விட்டேன், என் தப்பு," என்றாள். அவன், "இல்லக்கா, பாக்காதது என் தப்பு," என்றான். அவள் மறுக்க, அவன் அதை மறுக்க, கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் நடப்பதைப்போன்ற அந்தப் பணிவுப் போட்டியில் பேச்சு மீண்டும் வழுக்கி, பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. கஞ்சி ஆறிப்போனது. கடைசியில் ஒரு காரியம் மட்டும் முடிவாயிற்று: ஜோஞ்சுவுக்கு மாதம் ஒருமுறை போனால் போதும், இடைப்பட்ட வாரங்களில் ஹாம் சொல்கிறபடி கியோங்தே பார்த்துக்கொள்வான்.

அப்படியே நடந்தது. கோடை போய் இலைகள் சிவந்தன. பணிமனையில் அவளுக்கு அலுவலக வேலை கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தும் பேருந்துகளைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாரந்தோறும் கியோங்தேவின் மருத்துவமனைக்குப் போய் அதே நாற்காலியில் அமர்ந்து அதே பலகையைப் படித்தாள். தையல் பிரிக்கப்பட்டது. செல்கள் திரும்ப வளரவில்லை. அதுவரை நல்ல செய்தி. கருவிழி மட்டும் சமமாக நிற்கவில்லை. கண்ணாடி எதை மாட்டினாலும் சரிவரவில்லை. கடினமான வில்லை ஒன்று உதவலாம், ஆனால் கண் முழுவதும் அடங்கிய பிறகுதான், வசந்தகாலத்துக்கு முன்னால் வேண்டாம் என்றார் ஹாம். உரிமமோ வசந்தகாலம்வரை காத்திருப்பதாக இல்லை. கண் சரியாக இருக்கிறது என்று ஒரு மருத்துவர் சான்று கொடுத்துவிட்டால் போதும்.

அந்தச் சான்றுக்காக நவம்பர் இறுதியில் ஒரு பிற்பகல் போனாள். வழக்கமாகப் பலகையைக் காட்டும் செவிலி இல்லை. ஏதோ வேலையாக அனுப்பிவிட்டதாகக் கியோங்தே சொன்னான். சுட்டும் கோலைத் தானே எடுத்துக்கொண்டான். மிரான் இடக்கண்ணை மூடினாள்.

மேலேயுள்ள பெரிய எண்களைச் சொன்னாள். அடுத்தடுத்த வரிகளில் தயங்கினாள். கலங்கிய உருவங்களை இணைத்துப் பார்த்து ஒருவாறு சொன்னாள். கோல் ஐந்தாம் வரிக்கு வந்தது. எப்போதும் அவன் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தொடுவான், செவிலியும் அப்படித்தான். இன்றைக்கு வரியின் இடது முனையில் வைத்தான். அடுத்து அதற்குப் பக்கத்தில் உள்ளது. அதற்கடுத்து அதன் பக்கத்தில் உள்ளது. திரும்பவும் இடது முனைக்கு வந்து நின்றான்.

"அவசரமே இல்ல அக்கா. நல்லா நினைச்சுப் பாத்து சொல்லுங்க."

படிப்பதற்கு யாரும் நினைத்துப் பார்க்க வேண்டியதில்லை. அவன் என்ன செய்கிறான் என்பது அப்போதுதான் மிரானுக்கு விளங்கியது. கோடைமுதல் வாரந்தோறும் அந்தப் பலகையின் முன்னால் உட்கார்ந்தவள் அவள். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு கேட்டால்கூட ஐந்தாம் வரியை இடமிருந்து வலமாகப் பிசகாமல் சொல்லிவிடுவாள். அது அவனுக்கும் தெரியும். தன்னிடம் எஞ்சியிருந்த ஒரே இழப்பீட்டை அவன் அவளுக்குத் தந்துகொண்டிருந்தான். அதை வாங்கிக்கொள்வதும் எளிது. இரண்டு பேருக்கும் மரியாதையாகவே முடியும்.

மழையில் கை நீட்டிய கிழவர் எந்த உடையில் நின்றார் என்று நினைவுக்குக் கொண்டுவர முயன்றாள். வரவில்லை. பார்த்திருந்தால்தானே வருவதற்கு?

"தெரியல," என்றாள்.

கோல் அசையவில்லை. "அக்கா, இந்த வரியை எத்தனை வாரமா பாக்கறீங்க..."

"அதைத்தான் சொல்றேன். மனப்பாடமா இருக்கு. தெரியல."

"இதுல தெரியலன்னா என்னால எழுதித் தர முடியாதுக்கா. வண்டி போயிடும்."

"வண்டி எங்க போகும்? அது பாட்டுக்கு ஓடும். நான் ஓட்டல, அவ்வளவுதான்." இடக்கண்ணை மூடியபடியே சொன்னாள். "மே மாசம் நீ கேட்டப்பவே சொல்லியிருக்கணும். தெரியலப்பா. அன்னிக்கே தெரியல."

மன்னிப்பு கேட்பான், உடனே தானும் கேட்க நேரும் என்று எதிர்பார்த்தாள். அவன் கேட்கவில்லை. கோலை மேசைமேல் வைத்தான். சன்னல் திரையை இழுத்துவிட்டு, நாற்காலியை அவளுக்கு எதிரே கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தான். அவனுடைய குரல் மாறியிருந்தது. தெருவிலிருந்து முதன்முறையாக உள்ளே வந்த ஒருத்தியிடம் பேசுகிற குரலாக இருந்தது.

"சரி. முதல்லேருந்து பாப்போம். எந்த வரியிலேருந்து மங்க ஆரம்பிக்குது?"

மிரான் பலகையின் உச்சிக்குப் போய், அங்கிருந்து மெதுவாக இறங்கினாள்.

"மூணாவது," என்றாள். "ரெண்டாவதும் ரெட்டையாத்தான் தெரியுது."